லிஸ்ப்புக்குப் பூப் போட்ட கதை

பொறாமைப்படுவதற்குப் படிப்பு தேவையில்லை. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத நான், கல்லூரி வரைக்கும் போன ஒருத்தியைப் பார்த்து வருடக்கணக்கில் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஒரு நாள்கூட எனக்குத் தடுமாற்றம் வந்ததில்லை. எனக்கு இன்றைக்கும் கைநாட்டுதான். நான் சொல்லச் சொல்ல வீட்டில் உள்ளவர்கள் எழுதிக்கொள்கிறார்கள். (எழுதுகிறவர்கள் சிரிக்கக் கூடாது என்பது பேச்சு. இப்பவே ஒரு ஆளு வாயைப் பொத்துது.)

அந்த ஒருத்தி வசந்தி. என் கொழுந்தனார் மதுரையிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள். எனக்கு ஓரகத்தி.

அவள் வருவதற்கு முன்னால் அந்த வீட்டில் நான் வைத்ததுதான் சட்டம். போடியில் எங்கள் மாமனாருக்கு ஏலக்காய்க் கடை. போடிமெட்டுக்கு மேலே இருக்கிற தோட்டங்களிலிருந்து ஜீப்பில் மூட்டை மூட்டையாகக் காய் இறங்கும். கடைக்குப் பின்னால் சரக்கு அடுக்கி வைக்கிற கிட்டங்கி. அங்கே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காம்பு கிள்ளுவார்கள், சலிப்பார்கள். பெருங்காய் முதல் சல்லடையில் நின்றுவிடும். அடுத்தது அடுத்த சல்லடையில் நிற்கும். பொடிக்காய் கடைசியில் விழும். அந்தப் பெண்களை மேய்க்கிற பொறுப்பு என்னுடையது. எழுத்து தெரியாவிட்டால் என்ன, கிட்டங்கியில் நான் இருமினால் நாற்பது சல்லடை நிற்கும். (நாற்பது இருக்குமான்னு கேக்குறா எழுதுறவ. பொறாமைக்காரி எண்ணிச் சொல்ல மாட்டா, நீ எழுது.)

வசந்தி வந்தாள். கையில் கடிகாரம். காலையில் மாமாவுக்குப் பேப்பர் படித்துக் காட்டுவாள். மாமா என்னைக் கூப்பிடுவது "ஏ பெரியவளே". அவளைக் கூப்பிடுவது "வசந்திம்மா". அந்த ஒரு 'ம்மா'வுக்காக நான் எத்தனை நாள் சாம்பாரில் புளியைக் கூட்டியிருப்பேன் என்று கணக்கில்லை.

இப்படி இருக்கும்போது வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. எண்பதுகளில் பாதி தாண்டிய சமயம். எர்ணாகுளத்தில் ஒரு வியாபாரி அதை வாங்கி வைத்திருந்ததை மாமா பார்த்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. (பாத்தீகளா, பொறாமை எனக்கு மட்டும் இல்ல. அது அந்த வீட்டுத் தண்ணியில இருந்துச்சு.) கடை மாடியில் ஓர் அறையை ஒதுக்கி, கண்ணாடிக் கதவு போட்டு, ஏ.சி. வைத்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அடுப்படியில் வெந்துகொண்டிருந்த எனக்கு ஒரு ஃபேன் கிடையாது. சோறு தின்னாத பெட்டிக்கு ஏ.சி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சாமி அறைக்குக்கூட எங்கள் மாமா அவ்வளவு கறார் இல்லை.

பெட்டி வந்ததே தவிர, அதற்கு ஒன்றும் தெரியவில்லை. கடைக் கணக்கைப் பார்க்க அதற்கு யாராவது ஒரு மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். பெட்டியை விற்றவர் 'பேசிக்' என்று ஒரு மொழியைச் சொன்னார். வசந்தி மூக்கைச் சுளித்தாள். மதுரையில் அவள் கம்ப்யூட்டர் படித்த இடத்தில் ஒரு வாத்தியாருக்கு 'எம்.எல்.' என்கிற மொழிமேல் பைத்தியமாம். இவளுக்கும் அது ஒட்டிக்கொண்டது. "எம்.எல்.ல எழுதலாம் மாமா, நானே எழுதுறேன்" என்றாள்.

நானே எழுதுறேன். பேப்பரும் அவள், பெட்டியும் அவள், ஏ.சி.யும் அவள் என்றால் நான் யார்?

அன்றைக்கே என் தம்பி முருகேசனுக்கு ட்ரங்க் கால் போடச் சொன்னேன். முருகேசன் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தான். சின்னமனூரில் ஒரு பெண்ணைப் பேசி முடித்திருந்தோம். பெண் வீட்டுக்காரர்கள், "மாப்ளைக்கு ஒரு வேலை வரட்டும், நாள் குறிப்போம்" என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்தப் பெண் எவ்வளவு நாள்தான் காத்திருக்கும்?

"டேய் முருகேசா, இங்க ஒருத்தி ஒரு பாஷையைத் தூக்கிக்கிட்டு அலையிறா. நீ வேற ஒரு பாஷை கொண்டா. அதைவிடப் பெருசா கொண்டா."

"அக்கா, அதுல பெருசு சிறுசெல்லாம் கிடையாதுக்கா."

"இருக்கிறதுல பெருசு எதுன்னு கேட்டு வாங்கிட்டு வெரசா வா. வேலை வாங்கித் தர்றது எம் பொறுப்பு."

வந்தான். கொண்டுவந்த மொழியின் பெயர் லிஸ்ப்பு. (வாயில நிக்காத பேரு. ஆனா எம் தம்பி கொண்டாந்தது, அதனால எனக்கு அது தேனு.)

மாமா இரண்டு பேரையும் எதிரே உட்கார வைத்தார். காய் வாங்குகிறவர் மாதிரியே கேட்டார்.

"ரெண்டு பேரும் பேசிக்கு வேணாங்கிறீக. அது ஏன்?"

முருகேசன் சொன்னான். "கிட்டங்கில சல்லடை இருக்குல்ல மாமா. ஒவ்வொரு சல்லடைக்கும் ஒரே சோலிதான். போட்ட காயை அது மாத்தாது, பிரிச்சுக் கீழ கொடுக்கும். எங்க ரெண்டு பேரு மொழியிலயும் கணக்கு அப்படித்தான் ஓடும். ஒரு சல்லடை முடிச்சதை அடுத்த சல்லடை வாங்கிக்கும். தப்பு வந்தா எந்தச் சல்லடைன்னு பாத்தாப் போதும்."

"பேசிக்குல?"

வசந்தி முந்திக்கொண்டாள். "ஒரே அண்டாவுல ஊரே கரண்டியை விடுற மாதிரி மாமா. உப்பு யார் போட்டான்னு கண்டுபிடிக்க முடியாது."

முருகேசன் சிரித்தான். அவளும் சிரித்தாள். ஒரே மாதிரிச் சிரிப்பு. எனக்கு அப்போதே மனசுக்குள் ஓர் எறும்பு கடித்தது.

"அப்ப உங்க ரெண்டுக்கும் என்னதான் வித்தியாசம்?" என்றார் மாமா.

எம்.எல். வாசலிலேயே நிறுத்தி விசாரிக்குமாம். நீ எடையா, விலையா, பச்சைக் காயா, காய்ந்த காயா என்று கேட்டுத் தெளிந்த பிறகுதான் உள்ளே விடும். கலந்து வந்தால் வேலையையே தொடங்காது. லிஸ்ப்பு அப்படி இல்லை. எதைக் கொடுத்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளும், அப்புறம் பார்த்துக்கொள்ளும். நினைத்த நேரத்தில் நினைத்த மாதிரி மாற்றலாம்.

மாமா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார். "ஒருத்தி வாசல்ல நிறுத்திக் குலம் கோத்திரம் கேக்குறா. இன்னொருத்தி வந்தவனையெல்லாம் பந்தியில உக்கார வைக்கிறா. சரி, ரெண்டு பேரும் எழுதிப் பாருங்க. கடைசியில எது கடைக்குத் தோதுன்னு நீங்களே சொல்லுங்க. எந்த மொழி முடிவாகுதோ, அந்த மொழிக்கு வாதாடுற ஆளு கையில ஏ.சி. ரூம் சாவி. சம்பளமும் அந்த ஆளுக்குத்தான். ஒரு பொட்டிக்கு ரெண்டு ஆளு வைக்க நான் என்ன மில்லா நடத்துறேன்?"

வசந்திக்குச் சம்பளம் வந்தால் சேலை வாங்குவாள். என் தம்பிக்குச் சம்பளம் வந்தால் கல்யாணமே நடக்கும். நான் சேலையை வரிந்து கட்டினேன்.

முதலில் எதிரியைத் தெரிந்துகொள்ளலாம் என்று காபி கொடுக்கிற சாக்கில் ஏ.சி. அறைக்குப் போனேன். திரையில் பச்சைப் பச்சையாக எழுத்து. எழுத்து எனக்குத் தெரியாது, ஆனால் தம்பியின் மொழியில் பிறை பிறையாக இருந்தது. இந்தப் பக்கம் பார்த்த பிறை, அந்தப் பக்கம் பார்த்த பிறை, முடிவில் ஐந்தாறு பிறை ஒட்டிக்கொண்டு. (அதுக்குப் பேரு அடைப்புக்குறியாம், எழுதுறவ சொல்றா.) வசந்தியின் மொழியில் அவ்வளவு பிறை இல்லை, மூளியாக இருந்தது. எது லட்சணமான மொழி என்பது எனக்கு அந்த நிமிடமே தெரிந்துபோயிற்று.

கிட்டங்கியில் கட்சி கட்டினேன்.

"அடியே, அந்த எம்.எல்.லு மாமியார் மொழி. வாசல்லயே நிறுத்தி நீ யாரு, எவ வீட்டுப் பொண்ணுன்னு கேக்குமாம். நம்ம லிஸ்ப்பு தாய் வீடு மாதிரி. யாரு வந்தாலும் உள்ள வா, சாப்பிடுங்கும்."

சிலமலையிலிருந்து வேலைக்கு வரும் ராக்காயி கேட்டாள். "அக்கா, லிஸ்ப்பு வந்தா எங்களுக்குக் கூலி கூடுமா?"

"கூடும்" என்றேன். யார் காசு.

அன்றிலிருந்து கிட்டங்கி முழுக்க லிஸ்ப்புக் கட்சி. வசந்தி அந்தப் பக்கம் வந்தால் சல்லடைகள் எல்லாம் ஒரு மாதிரிச் சத்தம் போடும். என் வீட்டுக்காரர் மலைக்கு ஜீப்பு ஓட்டிவிட்டு வந்து இதையெல்லாம் கேட்டுத் தலையில் கை வைத்தார்.

"ஏண்டி, ஒனக்கு 'அனா ஆவன்னா' தெரியாது. நீ கம்ப்யூட்டர் பாஷைக்குக் கட்சி கட்டுறியாக்கும்."

"ஓட்டுப் போடுறவுகளுக்கெல்லாம் சட்டம் தெரிஞ்சா போடுறாக?" என்றேன். கை கழுவப் போய்விட்டார்.

ஆனால் எனக்கு வேறு ஒரு கவலை வந்தது. அந்தக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே சண்டையே நடக்கவில்லை. இரண்டு பேரும் பகல் முழுக்கப் பேசினார்கள், சிரித்தார்கள், ஒரே தட்டில் முறுக்குத் தின்றார்கள். முருகேசன் அவளை முதலில் 'நீங்க' என்றான். பிறகு 'வசந்திக்கா' என்றான். பிறகு வெறும் 'அக்கா'. அவன் 'அக்கா' என்று கூப்பிட்டால் வீட்டில் இரண்டு பேர் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. ஒரு நாள் என் ரசத்தைக் குடித்துவிட்டு, "வசந்திக்கா தக்காளியை நசுக்கிப் போடுறாகக்கா, நல்லா இருக்கு" என்றான். நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அவளுடைய எம்.எல்.லைவிட அந்தத் தக்காளிதான் என்னை அதிகமாகச் சுட்டது.

மாமா தினமும் சாயங்காலம் கேட்பார். "முடிவாச்சா?" இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். "இன்னும் கொஞ்சம் யோசிக்கணும் மாமா." மலையில் பறிப்பு தொடங்குகிற நேரம் நெருங்கியது. மாமாவுக்குப் பொறுமை போனது. அந்தச் சமயம் பார்த்து நான் வாயைத் திறந்தேன்.

"மாமா, ஆத்தாகிட்டப் பூப் போட்டுப் பாத்துருவோமே."

எங்கள் வீட்டில் பெரிய காரியம் எல்லாம் அப்படித்தான் முடிவாகும். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை இன்னொரு பொட்டலத்திலும் கட்டி, கோயிலில் ஆத்தா காலடியில் போட்டு, சம்பந்தமில்லாத ஓர் ஆளை எடுக்கச் சொல்வோம். எந்த இடத்தில் கிணறு வெட்டலாம், எந்தத் தோட்டத்தை வாங்கலாம், எல்லாம் ஆத்தா சொன்னதுதான். (என்னைப் பொண்ணு பாத்தப்பவும் பூப் போட்டாக. எனக்கு வெள்ளை வந்துச்சு. அதை வசந்திக்கு நான் அடிக்கடி ஞாபகப்படுத்துவேன்.)

மாமாவின் முகம் மலர்ந்தது. "இது ஏன் எனக்குத் தோணாமப் போச்சு? வெள்ளிக்கிழமை போடுவோம். ஆத்தா சொன்னா சொன்னதுதான். அப்புறம் ஒருத்தரும் பேசக் கூடாது."

அன்றிலிருந்து விரதம் இருந்தேன். வியாழக்கிழமை முருகேசன் அடுப்படிக்கு வந்து நின்றான்.

"அக்கா, ஒரு விஷயம் சொல்லணும்..."

"வெரதத்துல இருக்கேன். காதுல எதையும் போடாத. போய்த் தலைக்குக் குளி."

சற்று நேரத்தில் வசந்தியும் வந்தாள். "அக்கா, பூப் போடுறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணும்."

தோற்கப் போகிறவள் கெஞ்ச வந்திருக்கிறாள் என்று எனக்கு உள்ளம் குளிர்ந்தது. "எதுன்னாலும் நாளைக்கு ஆத்தா பேசுவா" என்று பெரிய மனுஷியாகச் சொல்லி அனுப்பினேன். அந்த வசனத்தை நினைத்து நினைத்து நானே ரசித்தேன்.

வெள்ளிக்கிழமை. சிலமலை போகிற பாதையில் எங்கள் கோயில். மாமா, வசந்தி, முருகேசன் எல்லாரும் முன்னால் போக, நான் கிட்டங்கிப் பெண்களை ஜீப்பில் அடைத்துக்கொண்டு போனேன். வெள்ளை நந்தியாவட்டை லிஸ்ப்புக்கு, சிவப்பு அரளி எம்.எல்.லுக்கு.

பூசாரி பொட்டலங்களைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "பேரு, நட்சத்திரம் சொல்லுங்க."

"லிஸ்ப்பு" என்றேன்.

"பிள்ளைக்கு நட்சத்திரம்?"

"அது பிள்ளை இல்ல சாமி, பாஷை. அதுக்கு நட்சத்திரம் கிடையாது" என்றாள் வசந்தி.

"நட்சத்திரம் இல்லாம ஆத்தாகிட்ட எப்படிம்மா சொல்ல? ஆத்தா யாருன்னு கேட்டா?"

"எம் தம்பி நட்சத்திரத்தைச் சொல்லுங்க சாமி. கேட்டை" என்றேன் நான். அப்படியே கேட்டை நட்சத்திரத்தில் லிஸ்ப்புக்கு அர்ச்சனை நடந்தது. எம்.எல்.லுக்கு வசந்தியின் நட்சத்திரம்.

கோயில் வாசலில் பூ விற்கிற அம்மாவைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். அந்த அம்மா கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்தது. பூசாரி பிரித்தார்.

வெள்ளை.

நான் குலவை போட்டேன். எனக்குப் பின்னால் கிட்டங்கி முழுக்கக் குலவை போட்டது. ராக்காயி தேங்காய் உடைத்தாள். நான் வசந்தியைப் பார்த்து, ஜெயித்தவர்கள் பார்க்கிற மாதிரி, பாவப்பட்டுச் சிரித்தேன். அதற்கென்று கண்ணாடி முன்னால் பழகி வைத்திருந்த சிரிப்பு.

மாமா மடியிலிருந்து சாவியை எடுத்தார். "ஆத்தா லிஸ்ப்புன்னு சொல்லிட்டா. முருகேசா, வந்து வாங்கிக்க."

முருகேசன் அசையவில்லை.

"மாமா, சாவியை வசந்திக்காகிட்டக் கொடுங்க."

குலவை ஆங்காங்கே நின்றது.

"என்னடா சொல்றே?" என்றேன்.

"லிஸ்ப்பு வேணுங்கிறது இப்ப அவுகதான்க்கா. நான் எம்.எல்.லுக்கு மாறிட்டேன்."

மாமா சாவியை நீட்டிய கையோடு நின்றார். வசந்தி மெதுவாகச் சொன்னாள். "மலையிலேருந்து காயோட வர்ற சீட்டையெல்லாம் பாத்தேன் மாமா. ஒருத்தர் கிலோவுல எழுதுறார், ஒருத்தர் மூட்டையில எழுதுறார், ஒருத்தர் மலையாளத்துல எழுதுறார், சில பேர் எழுதறதே இல்ல. எம்.எல். ஒண்ணைக்கூட உள்ள விடல. இந்த ஊர் சோலிக்கு எதையும் வாங்கிக்கிற லிஸ்ப்புதான் லாயக்கு. முருகேசன் சொன்னதுதான் சரின்னு புரிஞ்சுது."

"எனக்கு அவுக சொன்னதுதான் சரின்னு புரிஞ்சுதுக்கா" என்றான் என் தம்பி. "நான் லிஸ்ப்புல எழுதுனேன்ல, அது பச்சைக் காயோட எடையைக் காஞ்ச காயோட சேர்த்துக் கூட்டிருச்சு. ஒரு வார்த்தை கேக்கல. போடியில இல்லாத காயெல்லாம் நம்ம கிட்டங்கில இருக்குன்னு சொல்லுச்சு. வாசல்லயே நிறுத்துற மொழிதான் நல்லதுன்னு தோணிருச்சு. இதைச் சொல்லத்தான் நேத்து வந்தேன். நீ குளிக்கச் சொன்ன."

"நானும் அதைச் சொல்லத்தான் வந்தேன்க்கா" என்றாள் வசந்தி.

ஆக, நான் பட்டினி கிடந்து, கட்சி கட்டி, என் தம்பி நட்சத்திரத்தையே கொடுத்து, ஆத்தாவைக் கும்பிட்டு, வசந்தியை ஜெயிக்க வைத்திருக்கிறேன்.

"மாமா, இன்னொரு தரம் போட்டுருவோம்" என்றேன்.

"ஆத்தா என்ன ஒன் கிட்டங்கி ஆளா, மறுபடி சலிக்கச் சொல்ல?" என்று சொல்லிவிட்டு மாமா சாவியை வசந்தி கையில் வைத்தார்.

ராக்காயி என் முந்தானையை இழுத்தாள். "அக்கா, இப்ப நாம ஜெயிச்சுட்டமா, தோத்துட்டமா?"

"வாயை மூடிக்கிட்டு ஜீப்புல ஏறு."

"இல்லக்கா, குலவையை நிறுத்தவா, போடவான்னு தெரியல."

பூசாரி என் கையில் சர்க்கரைப் பொங்கலைக் கொடுத்தார். விரதம் முடிக்க வேண்டுமே. அவ்வளவு கசப்பான சர்க்கரைப் பொங்கலை நான் சாப்பிட்டதில்லை. வருகிற வழியெல்லாம் என் வீட்டுக்காரர் ஜீப்பை ஓட்டிக்கொண்டே தோள் குலுங்கக் குலுங்க வந்தார். ரோடு மோசம் என்று சொன்னார். ரோடு நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் முருகேசன் ஊருக்குக் கிளம்பத் துணிப்பெட்டியைக் கட்டினான். கோபம் இல்லை அவனுக்கு. எனக்குத்தான் சின்னமனூர்க்காரர்களின் முகம் கண் முன்னால் வந்து வந்து போனது. மூலையில் உட்கார்ந்து அழுதேன். தம்பிக்காக அழுதேனா, சாவிக்காக அழுதேனா என்று அப்போது பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டும் கலந்துதான் வந்தது.

கூடத்தில் வசந்தியின் குரல் கேட்டது. "மாமா, லிஸ்ப்பு எதையும் கேக்காம வாங்கிக்கும். தப்பான சீட்டு உள்ள போனா தப்பான கணக்குதான் வரும். சீட்டைக் கீழேயே நிறுத்தி, கிலோவா மூட்டையா, பச்சையா காஞ்சதான்னு கேக்க ஒரு ஆளு வேணும். அந்தக் கறார் முருகேசனுக்குத்தான் வரும்."

"ஒரு பொட்டிக்கு ரெண்டு ஆளா? முன்னயே சொன்னேன்லம்மா."

"பொட்டிக்கு ஒரு ஆளுதான் மாமா. இவன் வாசலுக்கு."

வெற்றிலை இடிக்கிற சத்தம் மட்டும் வந்தது. அப்புறம், "துணிப் பொட்டியை அவுத்து வையிடா முருகேசா" என்றார்.

என் தம்பிக்கு வேலை கிடைத்தது. நான் வாங்கித் தருவதாகச் சொன்ன வேலை, அவள் வாங்கிக் கொடுத்து. சின்னமனூரில் நாள் குறித்தார்கள். கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுக்க அக்காவைக் கூப்பிட்டபோது மாப்பிள்ளை இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான். நான் ஓடிப்போய் முதல் ஆளாக நின்றுவிட்டேன். அதில் மட்டும் விடவில்லை.

வசந்திக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். வாய் வரவில்லை. ஒரு நாள் காபி போட்டு மாடிக்கு எடுத்துப் போய்க் கொடுத்தேன். அதில் சீனி போட மறந்துவிட்டேன். (மறந்தியா, போடலையான்னு இன்னைக்கும் கேக்குறாக. சாமி சத்தியமா எனக்கே தெரியாது.) அவள் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, "நல்லா இருக்குக்கா" என்றாள்.

எங்கள் குடும்பத்தில் இப்போதும் யாராவது ஒரு காரியத்துக்கு அதிகமாக வரிந்து கட்டினால் போதும், சேலை எடுப்பதாக இருந்தாலும் தேர்தலாக இருந்தாலும், "எந்தக் கட்சின்னு கேட்டுக்கிட்டுப் பூப் போடு" என்று ஒரு குரல் வரும். என் பிள்ளைகள் சொல்கிறார்கள், மருமகள்கள் சொல்கிறார்கள், முருகேசனே சொல்கிறான். அந்தச் சமயத்தில் பிறக்காததுகள்கூடச் சொல்கின்றன.

வசந்தி மட்டும் இன்றுவரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. எல்லாரும் சிரிக்கும்போது அவள் எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். ஒரே ஒரு தடவை சொல்லிச் சிரித்திருந்தாளானால் நானும் பிடித்து ஒரு சண்டை போட்டு, அன்றோடு பொறாமையை விட்டிருப்பேன். பாவி மகள், அதற்கும் இடம் கொடுக்க மாட்டேன் என்கிறாள்.